ஒரு சேஸிஸும் இரண்டு பாடியும்

இருபது வயது முடிவதற்குள் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டியே தீருவது என்று முடிவு செய்தேன். பீங்கான் ஆலையில் தட்டு அடுக்குகிற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் கட்டுவது. எனக்கு அதிகம் யோசிக்கப் பிடிக்காது. யோசித்திருந்தால் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பேன்.

வீட்டில் கார் கட்டுவது பெரிய வித்தை இல்லை. முதலில் ஃபைபரில் வார்த்த பாடி வேண்டும். வெளியே பார்த்தால் ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே பார்த்தால் காற்று. மீதி எல்லாவற்றையும், அதாவது எஞ்சின், கியர், பிரேக், சக்கரம், இவற்றைத் தாங்குகிற சேஸிஸ் என்ற இரும்புச் சட்டம், எல்லாவற்றையும் ஒரு பழைய காரிலிருந்து உருவிக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய காருக்கு எங்கள் வட்டாரத்தில் 'கொடையாளி' என்று பெயர். அதைக் கேட்டுக்கொண்டு யாரும் எடுப்பதில்லை. இருந்தாலும் கொடையாளி.

பாடி கிடைத்துவிட்டது. க்ரூ ஊரில் ஒருத்தர் பாதியில் கைவிட்டது. அவருக்கு முன்னால் வேறொருத்தர் கைவிட்டது. எடுக்கப் போனபோது க்ரூக்காரர் மனைவி வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது ஸ்டோக்கில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. பாடி வாசல் வழியாக நுழையவில்லை. ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, முன்னறைக்குள் இறக்கினேன். மாக்சீன் வேலையிலிருந்து வந்தாள்.

மாக்சீன் என் மனைவி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். அது நான் மறந்துவிடக்கூடாத விஷயம் என்பது அவள் கருத்து. வீடு வீடாகப் போய்க் கிழவிகளுக்கு முடி சுருட்டிவிடுகிற தொழில்.

"நெவில், சோபா எங்க?"

"பின்னாடி."

"மழை பெய்யுது."

"தார்ப்பாய் போட்டிருக்கேன்."

"இது என்ன?"

"கார்."

"எஞ்சின் இல்ல, சக்கரம் இல்ல, கதவு இல்ல. எங்க அம்மா வீட்டுக் குளியல் தொட்டியில தண்ணி போறதுக்காவது ஒரு ஓட்டை இருக்கு."

"இதுலயும் ஓட்டை இருக்கு. ஸ்டீயரிங் வர்ற இடம்."

"உன் தலையிலயும் இருக்கும். பாரு."

அதோடு தெருமுனை டெலிபோன் பெட்டிக்குப் போனாள். தன் அம்மாவிடம், "முன்னறையில ஒரு பாடி கிடக்கும்மா. நெவில்தான் கொண்டுவந்து போட்டிருக்கான்" என்றாள். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

கடுகுப்பூ மஞ்சள் நிற பாடி. அன்றிலிருந்து டிவி பார்ப்பது அதற்குள் உட்கார்ந்துதான். நான் டிரைவர் பக்கம். அவள் பக்கத்தில். சொல்லப்போனால் சோபாவை விட வசதி.

அடுத்தது கொடையாளி. வீட்டிலேயே ஒரு பழைய கார் இருந்தது. மாக்சீனுடைய சிவப்பு ஹெரால்டு. வருஷா வருஷம் நடக்கிற எம்.ஓ.டி. தகுதிச் சோதனையில் தோற்று, பின்முற்றத்தில் படுத்திருந்தது. அதனால் அவள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தாள். முடி உலர்த்துகிற அந்தப் பெரிய கூண்டை மடியில் வைத்துக்கொண்டு. விண்வெளி வீரன் ஒருவனின் தலையைச் சீவி எடுத்துப் போகிற மாதிரி இருக்கும். கண்டக்டர் தினமும் அதற்கும் டிக்கெட் வேண்டுமா என்று கேட்பார். கிராமத்து வாடிக்கைக் கிழவிகள் ஐந்து பேரை அவள் ஏற்கெனவே இழந்திருந்தாள். அங்கெல்லாம் பஸ் கிடையாது.

ஹெரால்டின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

"மாக்சீன், உன் காரு எனக்கு ஆகாது."

"நான் தர்றேன்னு சொன்னேனா?"

"பாடி மாப்பிள்ளை மாதிரி இருக்கு. சேஸிஸ்தான் டீயில நனைச்ச பிஸ்கட். எனக்கு நேர் எதிரா வேணும். மேல ஒண்ணும் இருக்கக்கூடாது. கீழ கல்லு மாதிரி இருக்கணும்."

"உன்னை மாதிரின்னு சொல்லு."

நான் விடவில்லை. அவளுக்கு எல்லாம் விளக்கினேன். மற்ற கார்களில் பாடியும் சட்டமும் ஒட்டிப் பிறந்தவை. ஹெரால்டு அப்படி இல்லை. பாடி தனி, சேஸிஸ் தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் தொப்பியைத் தூக்குகிற மாதிரி தூக்கிவிடலாம். அதனால்தான் என்னை மாதிரி ஆட்கள் ஹெரால்டு என்றால் நாக்கைத் தொங்கப்போடுகிறோம்.

"தூக்கினா, திரும்ப வைக்கவும் முடியுமா?"

"தொப்பிதானே? எந்தத் தலையில வேணாலும் வைக்கலாம்."

"ஒயரு?"

சொன்னேன்.

"ஸ்டீயரிங் தண்டு?"

அதையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் யாராவது கேள்வி கேட்டு நான் பதில் சொன்னதே கிடையாது. அன்று சொன்னேன். படம் போட்டுச் சொன்னேன்.

"அப்போ நல்ல சேஸிஸ் ஒண்ணு கிடைச்சா என் காரும் ஓடும்" என்றாள்.

"ஓடும். ஆனா முதல்ல என்னுது. உனக்கு அப்புறம் ஒண்ணு தேடலாம்."

"எப்போ?"

"அடுத்த வருஷம்."

"சரி" என்றாள் மாக்சீன்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவனுக்கு அந்தச் 'சரி' எப்படிப் புரியும்? சம்மதம் என்று நினைத்துவிட்டேன்.

கொடையாளி தேடும் படலம் ஆரம்பித்தது. மாக்சீனும் கூடவே வந்தாள். எனக்காக அலைகிறாளே என்று உருகிப் போனேன்.

முதல் கார் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடையது. அவர் ஃபிளானல் துணியை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். கார் பளபளவென்று மின்னியது. இந்தப் பளபளப்புக்கும் சேர்த்தல்லவா காசு கேட்பார்!

"துரு எங்கே?" என்றேன்.

"துருவா? ஒரு பொட்டு கிடையாது தம்பி."

"சே!"

"கதவைச் சாத்திப் பாரு. சத்தத்தைக் கேளு."

"கதவே வேணாங்க."

அவர் என்னை விட்டுவிட்டு மாக்சீனைப் பார்த்தார். "நல்லா வெச்சுப்பீங்களாம்மா?"

மாக்சீன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். உள்ளதைச் சொல்லிவிடுவது என் பழக்கம். "இல்லைங்க. மேல இருக்கிறதைப் பிச்சு எறிஞ்சுட்டு உள்ள இருக்கிறதை எடுத்துப்பேன்."

அவர் ஓடிப்போய் ஹெட்லைட் இரண்டையும் உள்ளங்கையால் மூடினார். குழந்தையின் காதை மூடுகிற மாதிரி. அப்புறம் எங்களை வெளியே போகச் சொன்னார்.

மாக்சீன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி வழியில், "கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கப் போயி, கிட்னி மட்டும் போதும்னு சொன்னா எப்படிக் குடுப்பாங்க?" என்றாள்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வாயை மூடச் சொல்றேன். அது பொய் இல்ல."

இரண்டாவது காரில் சேஸிஸ் இருந்தது, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை இருந்தது. மூன்றாவதை நான் தொட்டுப் பார்த்தேன், அது உட்கார்ந்துவிட்டது. நான்காவதன் சொந்தக்காரருக்கு அதை விற்க இஷ்டமில்லை. அதைப் பற்றிப் பேச ஆள் வேண்டியிருந்தது. மூன்று கோப்பை டீ குடித்துவிட்டு வந்தோம். ஒவ்வொரு தடவையும் மாக்சீன் காரின் அடியில் நுழைந்து, தன் தொழில் சீப்பின் கூரான வாலால் சட்டத்தைக் குத்திப் பார்ப்பாள். உள்ளே போனால், "பிஸ்கட்" என்பாள். வருவோம்.

கடைசியில் லீக் ஊருக்கு மேலே, மலைப்பக்கத்தில் ஒரு பண்ணை. பண்ணைக்காரர் பெயர் பைக்ராஃப்ட். அவர் காட்டிய ஹெரால்டின் கூரையில் பாசி. தரையில் புல். கதவை இழுத்தேன், கைப்பிடி என்னோடு வந்தது. பின்சீட்டில் நான்கு கோழி. டிரைவர் சீட்டில் ஒரு பெரிய கோழி, இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு அழகான குப்பையை நான் பார்த்ததே இல்லை.

"அவ பேரு மார்ஜரி. வண்டியோட வர மாட்டா" என்றார் பைக்ராஃப்ட்.

மாக்சீன் தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தாள். டக். டக். டக்.

"நெவில்."

"ம்?"

"கல்லு."

"முழுசாவா?"

"சீப்பு உடைஞ்சுடுச்சு."

பைக்ராஃப்ட் மார்பை நிமிர்த்தினார். "ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் டிராக்டர்ல வடிச்ச எண்ணெயை எல்லாத்துக்கும் அடியில பூசிடுவேன். ஏரு, வண்டி, கோழிக்கூடு. என் பொண்டாட்டி ஓடாம நின்னிருந்தா அவளுக்கும் பூசியிருப்பேன்."

சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. மார்ஜரி மட்டும் அசையவில்லை.

"எதுக்குத் தம்பி இது உனக்கு?"

நான் வாயைத் திறந்தேன். மாக்சீன் என் காலை மிதித்தாள். "ஓட்டறதுக்குத்தான் ஐயா" என்றாள். எவ்வளவு சமயோசிதம் என்று வியந்தேன். அவள் அந்த ஒரு தடவை முழு உண்மையைச் சொல்லியிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

விலை பேசி முடித்ததும் பைக்ராஃப்டே காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து எங்கள் பின்சந்தில் விட்டார். அழுகின பாடியைத் தூக்க ஆள் வேண்டும். என் நண்பர்கள் எல்லோருக்கும் அன்று முதுகுவலி. மாக்சீன், "நான் ஆள் கூட்டிட்டு வரேன்" என்று போய், மதுக்கடையில் பலகை மேல் குட்டி அம்பு எறிந்து விளையாடுகிற பெண்கள் டார்ட்ஸ் குழுவையே கூட்டி வந்தாள். தலைவி டோரீன். ஆலையில் களிமண் பிரிவு. அவள் கை என் தொடை அளவு. என் கையைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான் போல்ட்டுகளைக் காட்டினேன். எதை எந்த வரிசையில் கழற்றுவது, எங்கே பிடித்துத் தூக்குவது, எல்லாம் சொன்னேன். அவர்கள் ரொம்பக் கவனமாகக் கேட்டார்கள். தூக்கினார்கள். பாடி வந்துவிட்டது. உள்ளிருந்து மூன்று முட்டை உருண்டன.

"இவ்வளவுதான் கனமா?" என்றாள் டோரீன்.

"அழுகினது. அதான் லேசு."

"நல்லதா இருந்தா?"

"இன்னும் கொஞ்சம் கனக்கும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன் கண்ணு."

டோரீன் மாக்சீனைப் பார்த்தாள். மாக்சீன் முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று எங்கள் ஊர் ஓட்ஸ் ரொட்டியான ஓட்கேக்கோடு முட்டை சாப்பிட்டோம். அருமையாக இருந்தது.

அடுத்து வந்த வாரங்களில் நான் உழைத்த உழைப்பு இருக்கிறதே, ஆலை முதலாளி பார்த்திருந்தால் அழுதிருப்பார். சேஸிஸைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். இரண்டு பூச்சு கறுப்புப் பெயின்ட். பிரேக் எல்லாம் புதுசு. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தேன். மாக்சீனுடைய பிரஷ். அதற்குக்கூட அவள் திட்டவில்லை! வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலையில பெயின்ட் படல."

"யாரு பாக்கப் போறா?"

"மழை பாக்கும். பூசு."

பூசினேன்.

"ரெண்டாவது கியர் ஒழுங்கா விழுதா?"

"வெண்ணெய் மாதிரி."

"மலை ஏறும்போது?"

"ஏறும்."

"பின்னாடி பாரம் இருந்தா?"

"ஸ்போர்ட்ஸ் கார்ல பின்னாடியே கிடையாது மாக்சீன்."

"பின் ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் உறுதியாப் போட்டுடேன். எனக்காக."

எனக்காக என்றாள். போடாமல் இருப்பேனா? ஆலையில் மற்றவர்களிடம் பெருமையடித்தேன். உங்கள் மனைவிகள் நீங்கள் கார் கழுவினாலே முறைப்பார்கள். என் மனைவிக்கு என் பின் ஸ்பிரிங் மேல் எவ்வளவு அக்கறை, பாருங்கள்.

சேஸிஸ் தயார். எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. அடுத்த வாரம் மஞ்சள் பாடியை மறுபடி ஜன்னல் வழியாக எடுத்து மேலே வைக்க வேண்டியதுதான். பாக்கி இருந்தது முன்கண்ணாடி. என் பாடிக்கு ஹெரால்டு கண்ணாடிதான் பொருந்தும். பைக்ராஃப்டின் காரில் இருந்ததை ஓர் ஆட்டுக்கடா தன் முகத்தைப் பார்த்துக் கோபப்பட்டு முட்டி உடைத்திருந்தது. மாக்சீன் காரில் இருந்ததில் குறுக்கே ஒரு விரிசல்.

ஒரு நாள் மாக்சீன் வந்து, "ஸ்கெக்னெஸ்ல ஒருத்தர்கிட்ட நல்ல கண்ணாடி இருக்காம். பேசிட்டேன். சனிக்கிழமை போய் வாங்கிட்டு வா" என்றாள்.

"ஸ்கெக்னெஸ்ஸா? அது நாட்டோட அந்தக் கரை ஆச்சே!"

"உங்க அத்தை அங்கதானே இருக்காங்க? ஒரு ராத்திரி தங்கு. ஞாயித்துக்கிழமை சாவகாசமா வா. எவ்வளவு உழைச்சிருக்க! கடல் காத்து வாங்கினா நல்லது."

சீஸும் ஊறுகாய் வெங்காயமும் வைத்து சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள். பஸ் நிலையம் வரை வருவாள் என்று நினைத்தேன். "எனக்கு வீட்டுல வேலை இருக்கு" என்றாள். பொய் சொல்லவில்லை.

ஸ்கெக்னெஸ்ஸில் மழை. அத்தை என் தலைமுடியைப் பற்றியே பேசினாள். கண்ணாடி நல்ல கண்ணாடி, ஒரு கீறல் இல்லை. அத்தையின் பழைய மெத்தை விரிப்பில் சுற்றி, கட்டிக்கொண்டு, மூன்று பஸ் மாறினேன். இறங்கி ஏறும்போதெல்லாம், "தள்ளுங்க, கண்ணாடி, தள்ளுங்க" என்று கத்தினேன். ஒரு பாட்டியம்மாள் விரிப்பின் நுனியை விலக்கி, "பாப்பா தூங்குதா?" என்று எட்டிப் பார்த்தார். அவர் முகமே தெரிந்தது.

ஞாயிறு சாயங்காலம் ஹான்லி பஸ் நிலையம். வீட்டுக்குக் கடைசி பஸ் வர வேண்டும். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். மனதுக்குள் மஞ்சள் காரில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு எஞ்சின் சத்தம்.

அடடா. என்ன சத்தம் அது! ஒரு இருமல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. கார்புரேட்டரை யாரோ விஷயம் தெரிந்தவன் டியூன் செய்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டேன். கார் மேட்டில் ஏறியது. இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. வளைவில் திரும்பியது. உள்ளே நிறைய பாரம், ஆனாலும் பின்பக்கம் கொஞ்சம்கூட இறங்கவில்லை. இந்த ஆள் பின் ஸ்பிரிங்கை என்ன அழகாகப் போட்டிருக்கிறான்!

சிவப்பு ஹெரால்டு. என் முன்னால் வந்து நின்றது. புது பிரேக். சத்தமே இல்லை.

"என்ன நெவில், கடல் காத்து எப்படி?" என்றாள் மாக்சீன், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு.

பக்கத்தில் டோரீன். பின்சீட்டில் டார்ட்ஸ் குழு, ஒருத்தி மடியில் ஒருத்தி.

நான் கண்ணாடியோடு குனிந்து காரின் அடியைப் பார்த்தேன். கறுப்புப் பெயின்ட், இரண்டு பூச்சு. மூலையில்கூடப் பட்டிருந்தது.

"இது என் சேஸிஸ்!"

"ஆமா."

"என் எஞ்சின்!"

"நல்லா இழுக்குது நெவில். பிரமாதம்" என்றாள் டோரீன். பின்சீட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதுதான் கொடுமை.

"என் பாடி என்ன ஆச்சு?"

"முன்னறையில பத்திரமா இருக்கு. நாங்க என்ன திருடங்களா?"

"சேஸிஸ் இல்லாம அதை வெச்சு என்ன பண்றது?"

"பின்முற்றத்துல ஒண்ணு சும்மாதான் கிடக்கு. எடுத்துக்கோ."

"அது பிஸ்கட்!"

"கத்தாத. நாளைக்கு அந்த அஞ்சு கிழவிங்களையும் போய்ப் பாக்கறேன். வர்றவங்களுக்கெல்லாம் சொல்லுவேன், என் வீட்டுக்காரன் கட்டின காருன்னு."

 என் பின்னால் ஒரு பஸ் வந்து, நின்று, யாரும் ஏறாததால் போயிற்று. நான் கவனிக்கவில்லை. நின்றபடி ஓடுகிற எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு சீராக இருந்தது!

"சரி. என்னைக் கூட்டிட்டுப் போகவாவது வந்தியே" என்றேன் கடைசியில்.

"லாங்டன்ல எங்களுக்கு மேட்ச். போற வழியில கண்ணாடியை வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம். இந்த விரிசல் சரியா என் கண்ணுக்கு நேரா வருது."

டோரீன் ஒரு கையை வெளியே நீட்டினாள். கண்ணாடி, விரிப்போடு, ஜன்னல் வழியாக உள்ளே போய், பின்சீட்டில் பத்து முழங்கால்களின் மேல் படுத்துக்கொண்டது.

"நான் எங்க உக்காரறது?"

மாக்சீன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே இடம் தேடினாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் கியரைப் போட்டாள்.

"நீ அடுத்த பஸ்ல வந்துடு நெவில்."

கார் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பலகையில் நேரத்தைப் பார்த்தேன். அடுத்த பஸ் திங்கட்கிழமை.